ஐந்தாவது இலக்கம்

1

இந்தக் கதை நான் அடித்துக்கொண்ட பெருமையிலிருந்து பிறந்தது. பெய்ப்சி ஏரிக்கரையில் சிறிய கணக்கு அலுவலகம் வைத்திருக்கிறேன். "எங்கள் எஸ்தோனியாவில் கம்பெனி தொடங்கப் பதினைந்து நிமிடம் போதும்" என்று யார் கிடைத்தாலும் சொல்வேன். கேட்காதவர்களுக்கும் சொல்வேன். போன நவம்பரில் அதை ஓர் ஆஸ்பத்திரி அறையில் செய்து காட்ட நேர்ந்தது. இருபத்தொரு நிமிடம் ஆகிவிட்டது.

கூடுதலான அந்த ஆறு நிமிடங்கள் என்னால் ஆனவை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: [ஏரியின் மேல் சாம்பல் நிற வானம் கவிந்திருந்த அன்று] அந்த அறையிலிருந்து ஏரி தெரியாது. வாகன நிறுத்தம்தான் தெரியும். அந்த வரியை விட்டுவிட்டேன்.

2

கட்டிலில் படுத்திருந்தவர் எல்மோ கூஸ்க்மா. மீன் புகைபோடுகிறவர், அதாவது மீனை விறகுப் புகையில் வாட்டி விற்கிறவர். பக்கத்தில் அவர் மகள் ரீனு. பின்லாந்துக் கப்பல்களில் அறை துடைத்துக்கொண்டிருந்தவள், பதினோரு வருடங்களுக்கு முன் திரும்பிவந்து அப்பாவின் புகைக்கூடத்தை நடத்துகிறாள்.

கூடம் நிற்கும் கரை ஊராட்சியின் நிலம். குத்தகை எல்மோவின் பெயரில். இடத்தை யார் வைத்திருக்கலாம் என்பதற்கு, "குத்தகைதாரர், அல்லது அவர் உயிருடன் இருக்கையில் கையெழுத்திட்டு நிறுவிய நிறுவனம்" என்று ஒரு வரி அதில் உண்டு. மகள் என்ற சொல் எங்குமில்லை. அவர் கையெழுத்திடாமல் இறந்தால் இடம் போய்விடும். அங்கே ஓய்வு விடுதி கட்ட ஒருவர் வரைபடத்தோடு காத்திருந்தார்.

அந்த வரியைக் கண்டுபிடித்தவன் நான். டாக்டர் "இன்னிக்கோ நாளைக்கோ" என்று சொன்ன பிறகு கண்டுபிடித்தேன்.

(எல்மோவைக் கொஞ்சம் மென்மையான மனிதராக எழுதலாமா என்று யோசித்தேன். அவர் அப்படி இல்லை.)

3

பிற்பகல் இரண்டு இருபதுக்கு மடிக்கணினியைத் திறந்தேன். இந்த அமைப்பு எவ்வளவு அழகானது என்று உங்களுக்கும் சொல்லத்தான் வேண்டும். அடையாள அட்டையைச் செருக வேண்டும். பெயர், முகவரி, நிறுவனர்கள், என்ன தொழில் என்று நிரப்ப வேண்டும். பிறகு நிறுவனர்கள் ஒவ்வொருவராகக் கையெழுத்திட வேண்டும். அவ்வளவுதான். பதிவகம் சரிபார்ப்பது பிற்பாடு நடக்கும்.

"கம்பெனிக்கு எல்மோன்னு வைக்கலாமாப்பா?" என்றாள் ரீனு.

"செத்தவன் பேர வச்சா மீன எவன் வாங்குவான்? உன் பேர வை."

"நீங்க இன்னும் சாகலையே."

"அதுக்குத்தான் இந்தக் கணக்குப்பிள்ளையக் கூட்டிட்டு வந்திருக்கியே." என் பக்கம் திரும்பினார். "ஏய், எவ்வளவு நேரமாகும்?"

"பதினஞ்சு நிமிஷம்தான், ஐயா."

"சோவியத்துல ஒரு படகு மோட்டாருக்கு ஏழு மாசம் வரிசையில நின்னேன். அப்ப கைகால் நல்லா இருந்துச்சு." இருமினார். "சரி, தட்டு."

தொழில் என்ற கட்டத்தில் நின்றேன். பட்டியலில் 'மீன் பதப்படுத்தல்' மட்டும்தான் உண்டு, 'புகைபோடுதல்' இல்லை என்று விளக்கினேன். ஏன் இல்லை என்றும் விளக்கினேன்.

"சார், ஏதாச்சும் ஒண்ணப் போடுங்க சார்," என்றாள் ரீனு.

4

அட்டைக்கு இரண்டு ரகசிய எண்கள்.*

* முதலாவது நாலு இலக்கம், நீங்கள் யார் என்று காட்ட. இரண்டாவது ஐந்து இலக்கம், கையெழுத்திட. மூன்று முறை தப்பாக அழுத்தினால் அட்டை பூட்டிக்கொள்ளும். அவர் விரல்களால் அழுத்த முடியாது. அவர் சொல்ல, மகள் அழுத்தினாள். இது விதிப்படி சரியா என்று கேட்காதீர்கள்.

இந்த அடிக்குறிப்பு முழுவதையும் அங்கேயே, அவரிடமே, உதாரணங்களோடு சொன்னேன். முதலாவது கதவைத் தட்டுவதுபோல, இரண்டாவது உள்ளே போய் ரேகை வைப்பதுபோல என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். [எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதை எப்படி] இதை முடிக்க எனக்கு வரவில்லை.

பிறகு அவர் ஓர் எண் சொன்னார். தப்பு. இன்னொன்று சொன்னார். அதுவும் தப்பு.

"அப்பா, இன்னும் ஒரு தடவைதான். நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க."

"கத்தாத... ஏழு."

அழுத்தினாள்.

"பூஜ்யம். ரெண்டு. நாலு."

அவர் மூச்சிழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "ஒண்ணு."

ரீனுவின் விரல் விசைக்கு மேலே நின்றது. அவள் அப்பாவைப் பார்த்தாள். நிறைய நேரம் பார்த்தாள் என்றே நினைக்கிறேன். பிறகு அழுத்தினாள். திரையில் பச்சைக் குறி வந்தது. கையெழுத்தான நேரம்: 14:41:07.

"ஆயிருச்சு ஐயா!" என்று திரும்பினேன்.

அட்டைக்கு மரணம் தெரியாது. யாராவது பதிந்தால்தான் தெரியும். அவருடைய மார்பு அசையவில்லை.

5

டாக்டர் வந்தார். இளம்பெண். காதில் குழாயை வைத்துக் கேட்டார், விழிகளில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். படிவத்தை எடுத்தார்.

"கடைசி மூச்சு எப்போன்னு யாராச்சும் பாத்தீங்களா?"

ரீனு என்னைப் பார்த்தாள். அவள் கண்களில் எதுவும் இல்லை, கெஞ்சல்கூட இல்லை.

இந்த இடத்துக்கு இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் 14:40 என்கிறேன். வசந்தத்தில் புகைக்கூடத்தை இடிக்கிறார்கள். ரீனு மறுபடியும் கப்பலேறி அறை துடைக்கப் போகிறாள். இன்னொன்றில் 14:42 என்கிறேன். புகைக்கூடம் நிற்கிறது. சனிக்கிழமைகளில் வரிசையும் நிற்கிறது. ஆனால் ரீனு என்னோடு பேசுவதில்லை. அப்பாவின் மூச்சு நிற்பதற்கு முன்பா, பின்பா விரலை வைத்தாள் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். நான் பொய் சொன்னேனா, உண்மை சொன்னேனா என்பதும் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

எனக்கு ஏன் தெரியாது என்று கேட்பீர்கள். ஒரு மனிதர் இறந்துகொண்டிருந்த அறையில் நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு இலக்கத்துக்கும் ஒரு கறுப்புப் புள்ளி வந்து விழுவது எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

அன்று டாக்டருக்கு நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. அவருடைய பேனா இன்னும் அந்தக் கட்டத்தின் மேலேயே நிற்கட்டும். படிவத்தில் நிமிடம் மட்டும்தான் உண்டு, நொடிக்கு இடமில்லை. 41 என்று எழுதி நழுவலாம் என்று நினைக்காதீர்கள். ஊராட்சியின் வக்கீல் உங்களைக் கூப்பிட்டு அதே கேள்வியைக் கேட்பார், நொடியையும் சேர்த்து.

மரணம் நிகழ்ந்த நேரம்: 14: