அகவணக்கத்தில் விழுந்த கோல்

இத்தால் உலகத்தார் சகலருக்கும் அறியத்தருவது யாதெனில், எங்கள் தேசத்தின் உதைபந்தாட்ட அணி உலகக் கிண்ண மைதானத்தில் தலைகுனிந்து நிற்கிறது, தோற்றதால் அல்ல, ஆட்டமே இன்னும் தொடங்கவில்லை, போரில் செத்தவர்களுக்கு அகவணக்கம் நடக்கிறது, நான் கோலி, கோல் கம்பங்களுக்கு நடுவே என் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், இடதுகால் லேஸ் அவிழ்ந்து கிடக்கிறது, அதன்மேல் ஓர் எறும்பு ஏறுகிறது, அதற்கு எந்த அணி என்பது பற்றிக் கவலையில்லை. உலகக் கிண்ணம் என்றால் தொலைக்காட்சியில் வருகிற அதுவல்ல, நாடில்லாத சனங்களுக்கென்று யாரோ புண்ணியவான்கள் நடத்துகிற கிண்ணம், உலக அரங்கு என்று எங்கள் செயற்குழுத் தலைவர் குணநாயகம் அறிக்கையில் எழுதியது வடதுருவத்துக்குக் கிட்ட ஒரு சிறு பட்டணத்தின் பள்ளிக்கூட மைதானம், பார்வையாளர் இருநூறு பேர், அதில் நாற்பது பேர் செயற்குழு. எங்களுக்கும் பெரிய வரலாறு ஒன்றுமில்லை, இடதுபக்கப் பின்வரிசையில் நிற்கிற எமில் லண்டனில் பஸ் ஓட்டுகிறவன், நான் சூரிச்சில் வைத்தியசாலைத் துணி வெளுக்கிறவன், முதல் ஆட்டத்தில் ஐந்து கோல் வாங்கினோம், இரண்டாவதில் ஏழு, ஒன்றும் போடவில்லை, கையால் இலக்கம் மாற்றுகிற பலகையில் எங்கள் பெயருக்கு நேரே தொங்கிய பூச்சியத்தை ஆணியிலிருந்து கழட்டுகிற வேலையே பலகைக்குப் பொறுப்பான வெள்ளைக்காரக் கிழவருக்கு வரவில்லை, இன்று கடைசி ஆட்டம், கிண்ணமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், அந்தப் பூச்சியத்தை ஒருதரம் கழட்ட வைக்கவேண்டும், அவ்வளவுதான், அதற்காகத்தான் எமில் சம்பளமில்லாத லீவில் வந்திருந்தான்.

மத்தியஸ்தர் ஒரே ஒரு நிமிடம்தான் தந்தார், அந்த ஒரு நிமிட மௌனத்தைப் பற்றிக் குணநாயகம் நான்கு நிமிடம் பேசினார், பிறகு எல்லோரும் தலைகுனிந்தோம், எங்கள் மண்டபங்களில் இருபது வருஷமாக ஒரு வழக்கம், மைக்கில் தலைவர் நன்றி என்று சொல்லும்வரை ஒரு தலையும் நிமிராது, கைக்குழந்தைகூட அழாது, அந்தச் சொல் வந்தால்தான் கதிரைகள் கிறீச்சிடும், தேத்தண்ணி வாசம் வரும், அன்றைக்கும் நிமிடம் முடிந்தது, குணநாயகம் நன்றி சொன்னார், அவர் சொன்னது அவருக்கு மட்டுமே கேட்டது, மைக்கில் பற்றரி செத்துவிட்டது, அவர் அதைத் தட்டுகிறார், ஊதுகிறார், மத்தியஸ்தர் மணிக்கூட்டைப் பார்த்து விசிலை ஊதுகிறார், எதிரணிக்காரர் ஏதோ மலைத்தொடரிலிருந்து வந்த, எங்களைப்போலவே வரைபடத்தில் இல்லாத சனம், பாவம், இது எங்களுடைய ஏதோ தந்திரமென்று நினைத்துப் பந்தை உருட்டிக்கொண்டு வருகிறார்கள், குனிந்த பதினொரு தலைகளுக்கு நடுவால் காலடிச் சத்தம் வருகிறது, எனக்கு அந்தச் சத்தம் தெரியும், அது என் தம்பி ரூபகாந்தன் ஓடிவருகிற சத்தம், இடம்பெயர்ந்து போயிருந்த பள்ளிக்கூட வளவில் இரண்டு சைக்கிளை நிறுத்திக் கோலாக்கி என்னை நடுவில் நிறுத்திவிட்டு ஓடிவருவான், வலதுகால் கொஞ்சம் இழுபடும், டப் டப் டப்பென்று, அண்ணை, பந்து வரேக்கை தலையைக் குனியாதை, கோழி மாதிரி, நீயெல்லாம் ஒரு கோலியே என்பான், போரின் கடைசி மாதங்களில் போனவன், உடலும் வரவில்லை, செய்தியும் வரவில்லை, இப்போது வருகிறான், கிட்ட வந்துவிட்டான், நிமிர்ந்தால் அது வேறு யாரோவாக இருக்கும், எறும்பு லேஸின் நுனிக்கு வந்துவிட்டது, பந்து என் சப்பாத்துக்குப் பக்கத்தால் மெல்ல உருண்டுபோய் வலையைத் தொடுகிறது, அதேநேரம் மைக் உயிர்த்தது, மைதானம் அதிர நன்றி என்றார் குணநாயகம், பதினொரு தலையும் நிமிர்ந்தன.

எதிரணித் தலைவன் முகம் சிவந்து ஓடிவந்தான், உடைந்த ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டான், நாங்கள் விலகி நிற்கிறோம், நீங்கள் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள் என்றான், நல்ல பிள்ளை, குணநாயகம் வேட்டியைத் தூக்கிக்கொண்டு கோட்டைத் தாண்டி ஓடிவந்தார், தம்பிமார், இது சர்வதேச நல்லெண்ணம், ஏற்றுக்கொள்ளுங்கோ, அறிக்கையிலயும் வடிவா இருக்கும், எமில் காலுறையை இழுத்துவிட்டபடி அவரைப் பார்த்தான், அண்ணை, சும்மா தாறதை வாங்க இதென்ன நிவாரண அரிசியே, லைனில நிண்டு வாங்கினது காணும், எங்கட கோலை நாங்கள் போடுவம், நீங்கள் போய் மைக்குக்குப் பற்றரி வாங்குங்கோ. நான் எதிரணித் தலைவனின் கையைப் பிடித்துக் குலுக்கி வேண்டாமென்று தலையாட்டினேன், வாங்கினோம், இரண்டு, நான்கு, ஆறு, நான் பாய்ந்தேன், விழுந்தேன், உதடு கிழிந்தது, ஒருதரமும் தலையைக் குனியவில்லை, எண்பத்தோராவது நிமிடம் மூலை உதை, பஸ்ஸுக்கு இடம் பிடிக்கிறவனைப்போல எமில் எல்லாரையும் இடித்துக்கொண்டு போனான், முழங்காலில் பட்டதா வயிற்றில் பட்டதா என்று இன்றுவரை தகராறு, பந்து உள்ளே போனது. கிழவர் பூச்சியத்தைக் கழட்டிப் புல்லில் வைத்தார், பெட்டிக்குள் ஒன்றாம் இலக்கத்தைத் தேடுகிறார், கிடைக்கவில்லை, கவிழ்த்துக் கொட்டித் தேடுகிறார், இருநூறு பேரும் எழுந்து நின்று பார்க்கிறார்கள், எங்கள் பெயருக்கு நேரே வெறும் ஆணி, எமில் முழங்காலில் நின்று அழுதுகொண்டு கத்துகிறான், ஆறுதலாத் தேடு ஐயா, எங்களுக்கு அவசரமில்லை.

இன்றைக்கும் ஒவ்வொரு ஒன்றுகூடலிலும் குணநாயகம் அந்தக் கதையைச் சொல்லுவார், தொழில்நுட்பக் கோளாறு என்பார், சனம் என்னைப் பார்த்துச் சிரிக்கும், செவிட்டுக் கோலி என்று எனக்குப் பெயர், நானும் சிரிப்பேன், பிறகு அகவணக்கம் வரும், குனிவேன், சப்பாத்து, லேஸ், டப் டப் டப், மைக்கில் நன்றி வரும், கதிரைகள் கிறீச்சிடும், நான் மட்டும் கொஞ்சம் பிந்தித்தான் நிமிர்வேன், ஒரு நிமிடம் தம்பிக்குக் காணாது, அன்றைக்கு விசில் எனக்கு நன்றாகவே கேட்டது. ஆட்டம் எட்டுக்கு ஒன்று, எட்டு அவர்களுடையது.