கைப்பக்குவத்துக்கு ஒரு பாராட்டு

என் வீட்டுக்காரர் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் மேனேஜர். மாதம் ஒருமுறை அவருடைய ஆபீஸ்காரர்கள் மனைவிமாரோடு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார்கள். எல்லோரும் தமிழர்கள்தான். ஆனால் மேசையில் உட்கார்ந்துவிட்டால் இங்கிலீஷ் தவிர வேறெதுவும் வாயில் வராது. தண்ணீர் வேண்டுமென்றால் மட்டும் தமிழுக்கு இறங்கி வருவார்கள்.

நான் பரிமாறுவேன். நடுவில் அவர் என் பக்கம் கையைக் காட்டி, "நாட் த ஷார்ப்பஸ்ட் டூல் இன் த ஷெட்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். முதல் தடவை அவர் அப்படிச் சொன்னபோது, கை கழுவ வந்தவரைப் பிடித்து அர்த்தம் கேட்டேன்.

"உன் கைப்பக்குவத்தைப் பாராட்டினேன்டி. அதை இங்கிலீஷ்ல அப்படித்தான் சொல்வாங்க. நீ பதிலுக்குத் தேங்க்யூ சொல்லணும்."

அன்றிலிருந்து தவறாமல் சொன்னேன். சொல்லும்போது எனக்கு உச்சி குளிர்ந்துவிடும். என் தேங்க்யூவைக் கேட்டதும் அவர்கள் இன்னொரு முறை சிரிப்பார்கள். பிரியத்தில் சிரிக்கிறார்கள் என்று நினைத்தேன், மடச்சி.

நான் திரைச்சீலைக் கடையில் துணி அளந்து வெட்டுகிறவள். வாடிக்கையாளர்களிடம் நாலு வார்த்தை பேச வேண்டும் என்று முதலாளி எங்களுக்கு இங்கிலீஷ் வகுப்பு ஏற்பாடு செய்திருந்தார். கூட்டமில்லாத மதியங்களில், மாடியில் துணிச் சுருள்களுக்கு நடுவில் நடக்கும். டீச்சர் சின்னப் பெண். "இடியம்னா மரபுத்தொடர். அதுக்கு வார்த்தை வார்த்தையா அர்த்தம் பாக்காதீங்க, மொத்தமா எடுத்துக்கங்க" என்பாள்.

ஒருநாள் போர்டில், அவர் என்னைப் பற்றிச் சொல்லும் அதே வாக்கியத்தை எழுதி வாசித்தாள். எல்லோருக்கும் முன்னால் கையைத் தூக்கினேன்.

"இது எனக்குத் தெரியும் டீச்சர்! நல்லா சமைக்கிறவங்களைப் பாராட்டுறது."

டீச்சர் தயங்கினாள். "இல்லக்கா. மண்டையில சரக்கு இல்லாதவங்கன்னு நாசூக்கா மட்டம் தட்டுறது."

பில் போடும் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். அன்று நான் வெட்டிய துணியெல்லாம் கோணல்.

வீட்டுக்கு வந்ததும் மகளைத் தேடிப் போனேன். காலேஜில் படிக்கிறாள். அந்த மேசையில் அவளுக்கும் ஒரு நாற்காலி உண்டு. தலையணைக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"அப்பா என்னைச் சொல்றாரே, அதுக்கு அர்த்தம் உனக்குத் தெரியுமா?"

அவள் கை நின்றது. "தெரியும்மா. ஸ்கூல்லேர்ந்தே தெரியும்."

"ஏன்டி சொல்லல?"

"அப்பா சொன்னதை நம்பி நீ சந்தோஷமா இருந்தே. அதை ஏன் கெடுக்கணும்னு..."

கட்டினவர் ஏமாற்றியதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இவள் என் வயிற்றில் பிறந்தவள்.

"அடுத்த தடவை எல்லார் முன்னாடியும் கேக்கப்போறேன். நீ உண்மையைச் சொல்லு, அது போதும்," என்றேன். தலையாட்டினாள். அந்த மேசையில் ஒரே ஒரு ஆள் என் பக்கம் நின்றால் போதும் என்றிருந்தது எனக்கு.

அடுத்த மாதமும் வந்தார்கள். அவரும் கையைக் காட்டினார், சொன்னார். சிரித்துவிட்டு என் தேங்க்யூவுக்காக எல்லோரும் காத்திருந்தார்கள்.

"மண்டையில சரக்கு இல்லாதவன்னு அர்த்தம்," என்றேன். "சமையலைப் பாராட்டுறதா என்கிட்ட சொல்லி வெச்சிருக்கார். உங்களுக்கெல்லாம் தெரியும்தானே?"

பெண்கள் தட்டைப் பார்த்துக் குனிந்தார்கள். இவர் முகம் கறுத்தது. உடனே சமாளித்துச் சிரித்தார். "ஷி இஸ் புல்லிங் யுவர் லெக்!"

நான் சும்மா கலாய்க்கிறேனாம். அந்தப் பாடமும் எங்களுக்கு நடத்தி முடித்தாகிவிட்டது.

மகள் பக்கம் திரும்பினேன். "நீ சொல்லும்மா."

அவள் அப்பாவைப் பார்த்தாள். விருந்தாளிகளைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"அம்மா விளையாடுறாங்க அங்கிள்."

எல்லோருக்கும் மூச்சு வந்தது. முன்னைவிடப் பலமாகச் சிரித்தார்கள். சிரித்ததில் ஒருவருக்குப் புரையேறிவிட்டது.

"கொஞ்சம் தண்ணி குடுங்க," என்று என்னிடம் கையை நீட்டினார்.

கரண்டியை வைத்தேன். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அந்த மேசையில் முதல்முறையாக உட்கார்ந்தேன்.

"எனக்கு அர்த்தம் புரியலைங்க," என்றேன்.