இடது காலின் முறை

ஐம்பது மீட்டர் உயரத்தில் பதினோரு வருஷம் கிரேன் ஓட்டியவளுக்கு அங்கே ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. கடைசியில் சொந்த வீட்டுக் குளியலறையில் ஒரு துண்டு சோப்பு ஆளைச் சாய்த்துவிட்டது. இடது தொடை எலும்பு முறிந்தது. கட்டட வேலை நடக்கும் இடத்தில் அவளுக்கு 'உச்சாணி' என்று பேர். உச்சாணி தரையில் வழுக்கி விழுந்தாள் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அவளும் வலியோடு சேர்ந்து சிரித்துத் தொலைத்தாள்.

எட்டு மாதத்தில் எலும்பு கூடிவிட்டது. ஆனால் தொடைச் சதை வற்றிப்போயிருந்தது. கணவர் தையல்காரர். ஞாயிறு தவறாமல் இஞ்ச் டேப்பும் கையுமாக வந்து இரண்டு தொடையையும் அளப்பார்.

"இடது பக்கம் இன்னும் ஒரு இஞ்ச் கம்மி. உனக்கு பேண்ட் தைக்கிறவன் பாடு திண்டாட்டம்தான்."

"தைக்கிறவர் வாயையும் சேர்த்துத் தைச்சுக்கட்டும்" என்பாள் அவள்.

பிசியோதெரபி அம்மா படித்துப் படித்துச் சொன்னார். "எலும்பு தாங்கும், அவ்வளவுதான். தன்னால அசையாது. சதைதான் அதை இழுக்கணும். முன்தொடைச் சதை சுருங்கி முட்டிய இழுத்தாத்தான் கால் நிமிரும், உடம்பு மேல போகும்." சொன்னதோடு நிற்காமல், எதிரில் நிற்கவைத்து இடது காலை நன்றாக வேலை வாங்கினார். போன மாதம் உச்சாணி இடது காலை மட்டும் ஊன்றி நாற்காலியிலிருந்து எழுந்தே காட்டினாள். "உங்க காலு ரெடிம்மா, நீங்கதான் ரெடியில்லை" என்று அனுப்பிவிட்டார்.

அது உண்மைதான். வீட்டுக்கு வந்ததும் பாரமெல்லாம் வலது காலுக்குப் போய்விடும். ஒருமுறை கைவிட்ட காலை எப்படி நம்புவது? அதனால் அவள் திருட்டுத்தனமாகத் தண்ணீர் கேன்களைத் தூக்கித் தூக்கிக் கையை முறுக்கேற்றினாள். கிரேன் ஏணியில் ஏறக் கை போதும் என்பது அவள் கணக்கு.

அன்று காலை அந்த ஏணிதான் முன்னால் நின்றது. நூற்று அறுபது படி, இருபது படிக்கு ஒரு மேடை. கம்பெனி வைத்த பரீட்சை இது: இருபது நிமிடத்துக்குள் மேலே போய்ச் சேர்ந்தால் வேலை அவளுக்கு. இல்லையென்றால், அவளுக்குப் பதிலாக வந்திருப்பவருக்கே அது நிரந்தரம். பாதுகாப்பு வாரைக் கொக்கியில் மாட்டிக்கொண்டு ஏறினாள். பாதுகாப்பு அதிகாரி கடிகாரத்தோடு பின்னால் ஏறினார்.

கை இழுத்தது, வலது கால் ஏறியது, இடது கால் வேண்டாவெறுப்பாகப் பக்கத்தில் வந்து நின்றது. நான்கு மேடை இப்படியே ஓடியது. ஐந்தாவதில் முன்னங்கை இரண்டும் தீயாக எரிந்தன. விரல்கள் மடங்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தன.

"பதினாலு நிமிஷம் ஆச்சு. இறங்கிடலாமாம்மா?" என்றார் அதிகாரி.

அவளுக்கு அழுகை முட்டியது. புதிதாக வருகிற ஒவ்வொரு ஆளையும் அவள்தான் திட்டியிருக்கிறாள். "ஏணிய இழுக்காதய்யா, மிதிச்சு ஏறு. கை பிடிக்கறதுக்கு, ஏத்தறது காலு." முதல் நாள் வந்தவன் செய்கிற தப்பைப் பதினோரு வருஷக்காரி செய்துவிட்டு, நடுவழியில் தொங்கிக்கொண்டிருக்கிறாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்த வெட்கம்தான் பயத்தை விரட்டியது.

இடது காலைத் தூக்கி அடுத்த படியில் வைத்தாள். வலது காலை எடுத்தாள். தொடை வெடவெடவென்று நடுங்கியது. முறிந்த இடம் இதோ பிளக்கப்போகிறது என்று பல்லைக் கடித்தாள். எலும்பு அசையாமல் நின்றது. சதை இறுகியது, முட்டி நிமிர்ந்தது, அவள் மேலே போனாள்.

"அடக் கழுதை" என்றாள் காலைப் பார்த்து. அத்தனை பாசமாக அவள் யாரையும் திட்டியதில்லை.

இப்போது ஒரு படிக்கு வலது, அடுத்த படிக்கு இடது. விரல்கள் சும்மா பிடித்துக்கொண்டு மட்டும் வந்தன. ஆறாவது மேடை, ஏழாவது மேடை. கீழே மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது, அது அதிகாரியுடையது. எட்டாவது மேடையைத் தாண்டி, கிரேன் அறையின் கதவைத் திறந்து, தன் இருக்கையில் உட்கார்ந்தாள். உடம்பெல்லாம் சந்தோஷம்.

அதிகாரி கதவைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். "பத்தொன்பது நிமிஷம். பாஸ். கொஞ்சம் உட்கார்ந்துட்டு இறங்கலாம்மா."

"நீங்க இறங்குங்க சார். எனக்கு சாயங்காலம் வரைக்கும் வேலை இருக்கு" என்றாள் உச்சாணி. வயர்லெஸ்ஸை எடுத்துக் கீழே பேசினாள். "யாருப்பா அங்க? கம்பிக்கட்டைக் கொக்கியில மாட்டுங்க, தூக்கறேன்."