தூணுக்குப் பின்னால் தொட்டில்

கொட்டச்சேடு எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் ஆரோக்கியதாஸ் சொந்த நிழலையே ரெண்டு தரம் திரும்பிப் பார்க்கிற ஆள். காப்பிப்பழ மூட்டையைத் தராசில் ஏற்றும் முன் முழங்கை வரை உள்ளே விட்டுத் துழாவுவார். எடையைக் கூட்ட அடியில் எவனாவது கல் வைத்திருப்பான் என்பது அவர் வேதம். பாதி நாள் வைத்தும் இருந்தார்கள், அதுதான் வினை.

ஏற்காடு கோயிலில் கிறிஸ்துமஸ் குடிலுக்கு வருஷா வருஷம் பிளான் போடுவது அவர்தான். சல்லிக்காசு கிடையாது, வெறும் ஆசை. இந்த வருஷம் பாழாய்ப்போன வலதுகை நடுங்க ஆரம்பித்துவிட்டது. ஸ்கேல் வைத்தாலும் கோடு புழுவாக நெளிந்தது. மனைவி தெரசம்மாளிடம்கூட மூச்சு விடவில்லை. தெரிந்தால் குடில் வேறொருத்தன் கைக்குப் போய்விடுமே! அதை நினைத்தாலே அவருக்குச் சோறு இறங்கவில்லை.

எஸ்டேட் ஆபீசுக்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வந்திருந்தது. அதில் பிளான் வரைய என்ன சாப்ட்வேர் போடலாம் என்று பஜாரில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த மனுவேலிடம் கேட்டார், வலதுகையைப் பைக்குள் ஒளித்துக்கொண்டே.

"பெரிய கம்பெனிது முப்பதாயிரத்துக்கு மேலங்ணா. நமக்கெதுக்குங்க அது? இந்த ரெண்டு ப்ளாப்பி நானூறு ரூபாதான். பத்து நாள் இங்கயே சும்மா வரஞ்சு பாருங்க, புடிச்சா காசு குடுங்க."

சும்மாவா! எலிப்பொறியில் தேங்காய்ச் சில்லும் சும்மாதான் தொங்குகிறது. போதாக்குறைக்கு மனுவேல் குடில் கமிட்டியிலும் இருந்தான். பிளானை இங்கேயே வரைய வைத்துச் சுருட்டிக்கொண்டு தன் பேரில் நீட்டத்தான் இந்தத் தாராளம் என்று ஆரோக்கியதாசுக்கு அப்போதே விளங்கிவிட்டது.

சென்டரில் உட்கார்ந்து வரைந்து பார்த்தார். அடேயப்பா, கோடு நூல் பிடித்த மாதிரி விழுந்தது! கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இத்தனை நன்றாக இருப்பது நானூறு ரூபாயா? சந்தேகம் இன்னும் முற்றியது. மனுஷன் ஒரு பொறி வைத்தார். பாலன் ஏசுவின் தொட்டிலைத் தூணுக்குப் பின்னால், யார் கண்ணுக்கும் படாத இடத்தில் வரைந்து, அதை மனுவேலின் கம்ப்யூட்டரிலேயே விட்டுவிட்டு வந்தார். திருடினால் தொட்டில் காட்டிக்கொடுக்கும். அந்த வாரம் பழம் குவிந்ததால் தராசை விட்டு அவரால் நகர முடியவில்லை.

ஞாயிறு பூசை முடிந்து கமிட்டி கூடியது. பங்குச்சாமியார் ஒரு தாளை விரித்தார். தூணுக்குப் பின்னால் தொட்டில்!

"அகப்பட்டான் திருடன்!" ஆரோக்கியதாஸ் துள்ளி எழுந்தார். "இது என் பிளானுங்க சாமி! இந்த மனுவேல் திருடிட்டானுங்க!"

சாமியார் தாளை அவர் பக்கம் திருப்பினார். அடியில் பேனாவால் எழுதியிருந்தது: 'வரைந்தவர்: ஆரோக்கியதாஸ், கொட்டச்சேடு.'

மனுவேல் முகம் செத்துப்போயிருந்தது. பக்கத்தில் வந்து அவர் காதோடு சொன்னான். "பிளான் குடுக்க நேத்தோட கடைசி நாளுங்ணா. உங்களக் காணோம். அதான் நானே பிரிண்ட் எடுத்துக் குடுத்தேன். தொட்டில் தப்பா இருக்குதுன்னு தெரிஞ்சுதுங்க. ஆனா மவுசை ரெண்டு கையாலயும் புடிச்சு நொம்பப் பாடுபட்டு வரஞ்சீங்களே, அதுல போயி நான் கை வெக்கலாங்களா?"

பாவி, இவனுக்குக் கை நடுங்குவது எல்லாம் தெரிந்திருக்கிறது. ஒருத்தரிடமும் சொல்லவில்லை. ஆரோக்கியதாசுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அப்படியே உட்கார்ந்தால் கை ரகசியம் பிழைக்கும், மனுவேல் திருடனாக நிற்பான்.

"என்ன ஆரோக்கியதாஸ், யார் திருடன்?" என்றார் சாமியார்.

"இவன் இல்லீங்க சாமி. வேணும்னே தொட்டில மறச்சு வரஞ்சு மூட்டையில கல்லு வெச்சவன் நானுங்க." பைக்குள்ளிருந்து வலதுகையை எடுத்து மேஜைமேல் நீட்டினார். அது கிடுகிடுவென்று ஆடியது. "இனி கோடு நான் சொல்றனுங்க, மனுவேல் வரையட்டும்."