ஒரு பாட்டில் ரத்தம், இரண்டு பதிவேடு

பாஞ்சாலியின் பெயரை மையில் எழுதியவன் நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஆஸ்பத்திரி விழுப்புரத்தில் ஒன்று, திண்டிவனத்தில் ஒன்று. ரத்த பாட்டில்கள் இருக்கும் பிரிட்ஜ் விழுப்புரத்தில் மட்டும். 1983 வரை பதிவேடும் அங்கே குமாஸ்தா ஜீவேந்திரனிடம்தான் இருந்தது. திண்டிவனத்தில் யாருக்கு ரத்தம் வேண்டுமென்றாலும் அங்கே குமாஸ்தாவான நான் டிரங்க் கால் போட்டு அவரைக் கேட்க வேண்டும். ஒருமுறை லைனுக்காக மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அதற்குள் ரத்தத்துக்குக் காத்திருந்த ஒலக்கூர்க்காரர் ஒருவர் இறந்துவிட்டார். அவருக்கான பாட்டில் அங்கே சும்மா கிடந்தது. நிர்வாகத்தோடு சண்டை போட்டு, அதே பாட்டில்களின் பட்டியலோடு திண்டிவனத்துக்கும் ஒரு பதிவேடு வாங்கினேன்; தினமும் மாலையில் போனில் இரண்டையும் சரிபார்ப்போம்.

கூடவே ஒரு விதியும் வந்தது. எந்த ஊரில் கேட்டாலும் முதலில் பெயரைப் பென்சிலில் எழுத வேண்டும். அடுத்த ஊருக்குப் போன் செய்து, அந்தப் பாட்டிலை அங்கே யாருக்கும் கொடுக்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் மை. லைன் கிடைக்காவிட்டால் டாக்டரிடம் 'தெரியாது' என்று சொல்லிவிட வேண்டும்.

ஐப்பசி மழையில் ஒரு காலை, பிரசவமாகி உதிரம் நிற்காமல் பாஞ்சாலியைக் கொண்டுவந்தார்கள். அவளுடையது அபூர்வமான வகை. பதிவேட்டில் ஒரே ஒரு பாட்டில் இருந்தது. பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடலாமா என்று டாக்டர் கேட்டார். வந்த டாக்ஸி வாசலிலேயே நின்றது. போன் செத்துக் கிடந்தது. பென்சிலில் எழுதினேன். அவள் புருஷன் தேவநாதன் எதிரே நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“பென்சில்ல எழுதுறீங்களே சார், அழிஞ்சிடாதுங்களா?”

அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. நேற்று மாலை வரை இருந்த பாட்டில், விடிந்ததும் எங்கே போய்விடும்? பேனாவைத் திறந்து பென்சில் எழுத்தின் மேலேயே எழுதினேன். ரத்தம் இருக்கிறது என்று டாக்டரிடம் சொன்னேன். டாக்ஸியை அனுப்பிவிட்டார்கள். அட்டெண்டர் பச்சைமுத்து ஐஸ் பெட்டியோடு விழுப்புரத்துக்கு பஸ் ஏறினார்.

இரண்டரை மணி நேரம் கழித்து வெறும் பெட்டியோடு திரும்பினார். திருவெண்ணெய்நல்லூரில் கரும்பு லாரி கவிழ்ந்து, அடிபட்ட ஒருவரை விடியற்காலையில் விழுப்புரத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஜீவேந்திரனுக்கும் லைன் கிடைக்கவில்லை. கண்ணெதிரே ஆள் சாகிறதைப் பார்த்து அவரும் அந்த ஒரே பாட்டிலை மையில் எழுதிக் கொடுத்துவிட்டார். நானாக இருந்தாலும் கொடுத்திருப்பேன். அவர்மேல் கோபப்படக்கூட எனக்கு வழியில்லை.

மறுபடி டாக்ஸி பிடித்தார்கள். கிளியனூர் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மூன்றாம் நாள் தேவநாதன் இறப்பைப் பதிய ஆஸ்பத்திரிச் சீட்டு வாங்க வந்தான். மழை, லைன் என்று நான் ஏதேதோ சொல்லத் தொடங்கினேன். அவன் திட்டவில்லை.

“தெரியாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா அப்பவே பாண்டிக்கு இட்டுக்கினு போயிருப்பேங்க.”

பதிவேட்டை மூடப் போனேன். அவன் அதன் மேல் கை வைத்து, அவள் பெயர் எந்த வரி என்று கேட்டான். காட்டினேன்; பென்சிலின் மேல் எழுதிய மை அழியாமல் இருந்தது.