சோம்பேறி நண்டில் ஓர் எறும்புப் பேரம்

கோக்கினா தீவில் கரப்பான்பூச்சி கிடையாது. அப்படித்தான் டெரல் மேப்ரி சொல்வான். விரல் நீளத்தில் ஒன்று குளியலறைச் சுவரில் உட்கார்ந்து மீசையை ஆட்டினாலும் அதற்குப் பெயர் பனைவண்டு. விடுமுறைக்கு வந்தவர்கள் பனைவண்டைப் பார்த்தால் ஊருக்குப் போய்க் கதை சொல்வார்கள். கரப்பானைப் பார்த்தால் அன்றைக்கே பெட்டியைக் கட்டுவார்கள். தீவில் பாதி வீடுகளை உரிமையாளர்கள் சார்பில் வாடகைக்கு விட்டுப் பராமரிப்பவன் மேப்ரி. சரக்கு எப்படியோ போகட்டும், பெயர் நன்றாக இருந்தால் விலை போகும் என்று தெரிந்தவன்.

ஆனால் எறும்புக்கு மட்டும் அவனால் வேறு பெயர் கண்டுபிடிக்க முடியவில்லை.

"மிஸ் நெல்டா, 'சோம்பேறி நண்டு'ல தங்கினவங்க என்ன எழுதிட்டுப் போயிருக்காங்க தெரியுமா?" என்று வெள்ளிக்கிழமை மாலை பூச்சிமருந்துக்காரி நெல்டா கிரிப்ஸின் வேனை வழிமறித்துக் கேட்டான். சோம்பேறி நண்டு என்பது கடலைப் பார்த்து மரத்தூண்கள் மேல் நிற்கும் மஞ்சள் வீடு. "'கடல் அழகு, மணல் அழகு, சர்க்கரை டப்பாக்குள்ள நடந்த ஊர்வலம் அதைவிட அழகு'ன்னு எழுதியிருக்காங்க. நக்கல்! ரெண்டே நட்சத்திரம்!"

"நக்கல் பண்றவங்க, எறும்பு இல்லேன்னா தலகாணியைப் பத்தி எழுதுவாங்க, டெரல்."

"தலகாணியை நான் மாத்திடுவேன். எறும்பை நீங்கதானே மாத்தணும்? சீசன் தொடங்கினதுலேருந்து இதே பாட்டு. அடுத்த சனிக்கிழமை மத்தியானம் அக்கரைக் கம்பெனிக்காரன் ஒப்பந்தத்தோட வர்றான். அதுக்குள்ள சோம்பேறி நண்டு சுத்தமாகலேன்னா என் வீடு எல்லாத்தையும் அவன்கிட்ட ஒப்படைச்சிடுவேன். உங்க மேல எனக்குக் கோபமெல்லாம் இல்ல."

கோபம் இருந்தாலாவது பேசிச் சரிக்கட்டலாம். பாலத்துக்கு அக்கரையில் இருக்கும் அந்தக் கம்பெனியில் நெல்டா வருஷக்கணக்கில் வேலை பார்த்தவள். ஒருநாள் கம்பெனிப் பெயர் போட்ட சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு வந்து, சொந்தப் பெயரை வேனில் எழுதிப் பூச்சிமருந்துத் தொழில் தொடங்கினாள். மேப்ரியின் வீடுகள் போனால் வேனையும் விற்க வேண்டும், அந்தச் சட்டையையும் திரும்பப் போட வேண்டும். நெஞ்சில் அடுத்தவன் பெயரோடு ஒரு முறை வாழ்ந்தாயிற்று. மறுபடி முடியாது.

சோம்பேறி நண்டில் இருப்பது பேய் எறும்பு. தலை கறுப்பு, உடம்பு கண்ணாடி. வெள்ளைக் கல் மேடையில் ஓடினால் தூசிக்குக் கால் முளைத்த மாதிரி இருக்கும். மருந்தடித்தால் சாவது சாகும். மிச்சம் இருப்பவை ராணிகளைக் கூட்டிக்கொண்டு ஆளுக்கொரு சுவரில் தனிக்குடித்தனம் போய்விடும். ஒரு கடையை மூடப் போய் நான்கு கிளைகளைத் திறந்து வைத்த கதை. அதனால் நெல்டா மருந்தடிப்பதில்லை. மெதுவாகக் கொல்லும் மருந்தைச் சர்க்கரைப் பாகில் கலந்து, சிறு அட்டைகளில் தடவி, பிள்ளைகள் கை எட்டாத இடமாகப் பார்த்து வைப்பாள். எறும்புகள் அதைச் சுமந்துபோய் ராணிகளுக்கு ஊட்ட வேண்டும். கண்டதெல்லாம் தின்னும் பேய் எறும்பு, இந்த வீட்டில் மட்டும் ஏன் சாகாமல் கொழுக்கிறது என்பதுதான் அவளுக்குப் புரியவில்லை. மூன்று கம்பெனிப் பாகை மாற்றிப் பார்த்துவிட்டாள்.

மறுநாள் சனிக்கிழமை. தீவுக்கு வாரத்தில் ஒரு நாள்தான் வேலைநாள் என்றால் அது சனிதான். பழைய விருந்தினர்கள் பத்து மணிக்குக் கிளம்ப வேண்டும். புதியவர்கள் நான்கு மணிக்கு வந்து இறங்குவார்கள். நடுவே துணி துவைப்பவர், நீச்சல்குளம் கழுவுபவர், குளிர்சாதனம் பார்ப்பவர், பூச்சிமருந்துக்காரி என்று எல்லோரும் ஒரே தெருவில் ஓடுவார்கள். யாரும் யாரோடும் நின்று பேச மாட்டார்கள். கையை ஆட்டினாலே பெரிய மரியாதை.

நெல்டாவும் வழக்கம்போல் பத்தரைக்குச் சோம்பேறி நண்டில் அட்டைகளை வைத்துவிட்டு ஓடினாள். அடுத்த வீட்டு அலமாரிக்குள் தலையை விட்டபோதுதான் டார்ச்சை மறந்துவிட்டு வந்தது தெரிந்தது. திரும்பி வந்தாள். வீடு முழுக்க எலுமிச்சை வாசனை. துப்புரவு செய்யும் ஒஃபேலியா, சமையல் மேடையைக் கண்ணாடி போலத் துடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் குப்பைப் பை. அதன் மேலாக நெல்டாவின் அட்டைகள்.

"ஒஃபேலியா, அது என்ன குப்பையில?"

"அதுவா? வாராவாரம் யாரோ அட்டையில ஜாமைத் தடவி டோஸ்டருக்குப் பின்னால ஒளிச்சு வெச்சிட்டுப் போறாங்க, மிஸ் நெல்டா. பிள்ளைங்களை இப்படியா வளர்க்கிறது?"

"அந்தப் பிள்ளை நான்தான்."

ஒஃபேலியாவின் கையிலிருந்த துணி அப்படியே நின்றது. "ஐயோ கடவுளே! எனக்கு யாரு சொன்னா? கதவைத் திறந்தா எலுமிச்சை மணக்கணும், மேடையில ஒரு தூசி இருக்கக் கூடாதுன்னு டெரல் சொல்லியிருக்காரு."

"மருந்து வெச்சதே விருந்தாளி கண்ணுல படக் கூடாதுன்னு என்கிட்டச் சொன்னான். அதான் ஒளிச்சு வெச்சேன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒரே முதலாளி, ஒரே வீடு, ஒரே காலை. ஒருத்தி விருந்து வைத்திருக்கிறாள், இன்னொருத்தி பந்தி தொடங்கும் முன் இலையை எடுத்திருக்கிறாள். சீசன் முழுக்க. நெல்டாவுக்குச் சிரிப்பு வந்தது. அதற்குப் பின்னாலேயே தன்னை நாலு அறை அறையலாமா என்றும் வந்தது. எறும்பை விசாரித்தவள், பாகை விசாரித்தவள், பக்கத்து வேலைக்காரியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே!

"இனிமே நான் துடைக்கல," என்றாள் ஒஃபேலியா.

"துடைக்காம விட்டா டெரல் உன்னைத் துடைச்சிடுவான். நீ துடைச்சு முடி. அப்புறம் நான் வெக்கிறேன். நாலஞ்சு நாளாவது யாரும் தொடக் கூடாது."

"அப்ப இங்க தங்கப் போறவங்க?"

"அவங்கதான் காவல்."

"லீவுக்கு வந்தவங்களை எறும்போட குடித்தனம் பண்ணச் சொல்லப் போறீங்களா?"

"சொல்ல மாட்டேன் கண்ணு. விக்கப் போறேன்."

நான்கு மணிக்கு ஒஹையோ நம்பர் பலகையோடு ஒரு பெரிய வண்டி வந்து நின்றது. இறங்கியவர் வெண்டல் ஸ்ட்ரோப். பின்னால் மனைவி ஜீனெட்டும் இரண்டு மகள்களும். டொலீடோவில் பழைய கார் வாங்கி விற்பவர் என்று அவரே முதல் நிமிஷத்தில் சொல்லிவிட்டார். நெல்டா மனசுக்குள் நன்றி சொன்னாள். நல்லவர்களிடம் பேரம் பேசுவது கஷ்டம், வியாபாரியிடம் சுலபம்.

விஷயத்தை மறைக்காமல் சொன்னாள். எறும்பு இருக்கிறது. மருந்து டோஸ்டருக்கும் மிக்சிக்கும் பின்னால் இருக்கிறது. முதல் நாள் கூட்டம் அதிகமாகும், பயப்படக் கூடாது. துடைக்கக் கூடாது, மருந்தடிக்கக் கூடாது.

"இருங்க," என்றார் வெண்டல். "ஓட்டை வண்டியைக் கொடுத்திட்டு, ஓட்டையைத் தொடாதேங்கறீங்க. இதுல எனக்கு என்ன?"

"இந்தத் தீவுல காசு கொடுத்தாலும் கிடைக்காத சரக்கு ஒண்ணு இருக்கு. சனிக்கிழமை காலைத் தூக்கம். எல்லாரும் பத்து மணிக்குக் கிளம்பணும். நீங்க பதினொண்ணுக்குக் கிளம்பலாம்."

"ரெண்டு மணி."

"ரெண்டுன்னா அது அடுத்தவங்க லீவு, மிஸ்டர் ஸ்ட்ரோப்."

"ஒரு மணி. என் பொண்ணுங்க எழுந்திரிக்கவே பதினொண்ணு ஆகும்."

"பன்னிரண்டு. அதுக்கு மேல எதிர்ல இருக்கிற கடலைத்தான் நான் விக்கணும்."

கை குலுக்கினார்கள். இருவருமே முதலிலிருந்து பன்னிரண்டைத்தான் மனதில் வைத்திருந்தார்கள் என்பது இருவருக்கும் தெரியும். அந்த இரண்டு மணி நேரம் நெல்டாவின் சரக்கே இல்லை என்பதுதான் வெண்டலுக்குத் தெரியாது. அன்று மாலையே ஒஃபேலியாவைப் பிடித்து, அடுத்த வாரம் சோம்பேறி நண்டைக் கடைசியாகச் சுத்தம் செய்யச் சம்மதிக்க வைத்தாள். பதிலுக்குப் படுக்கை விரிப்பெல்லாம் நெல்டாவே மாற்ற வேண்டும். மேப்ரியிடம் இருவரும் மூச்சு விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வெண்டல் போன் செய்தார். "மிஸ் நெல்டா, கூட்டம்னு சொன்னீங்க. இது கால்பந்து மேட்ச் விட்ட கூட்டம்!"

"சந்தோஷமான செய்தி."

"யாருக்கு?"

திங்கட்கிழமை நெல்டா போனபோது, ஜீனெட் கையில் புத்தம்புது மருந்து டப்பாவோடு சமையலறையில் நின்றிருந்தாள். விரல் விசையின் மேல்.

"நீங்க பேரம் பேசினது அவர்கிட்ட. என்கிட்ட யாரும் எதுவும் பேசல," என்றாள் ஜீனெட். "எனக்குக் காலைத் தூக்கம் வேண்டாம். நான் அஞ்சு மணிக்கே எழுந்திரிக்கிறவ. வருஷத்துல ஒரு வாரம் கடலுக்கு வந்து, இந்தத் தூசியோட நின்னு முட்டை பொரிக்கணுமா?"

நெல்டா தவறு தன்னுடையது என்று உடனே உணர்ந்தாள். கடைக்காரனிடம் விலை பேசிவிட்டுக் கல்லாவில் இருப்பவளை மறந்திருக்கிறாள்.

"ஏன் பொரிக்கணும்?" என்றாள்.

"பின்ன?"

"சமையல் மேடையில வைத்தியம் நடக்குது. ஒரு வாரத்துக்கு அங்க சட்டியை வெக்கக் கூடாதுன்னு பூச்சிக்காரி கண்டிப்பாச் சொல்லிட்டா. நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம்? படகுத்துறையில இறால் பொரிக்கிறாங்க. பாலத்துக்கிட்டப் புகைபோட்ட மல்லெட் மீன் கிடைக்கும். மிஸ்டர் ஸ்ட்ரோப்தான் கூட்டிட்டுப் போகணும்."

ஜீனெட் கொஞ்ச நேரம் எறும்பு வரிசையையே பார்த்தாள். முதல் முறையாக அதில் அவளுக்கு ஓர் அழகு தெரிந்திருக்க வேண்டும். டப்பாவைப் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் வைத்து, அலமாரிக் கதவைச் சாத்தினாள்.

"கண்டிப்பாச் சொன்னீங்கதானே?"

"ரொம்பக் கண்டிப்பா."

புதன்கிழமை போய்ப் பார்த்தபோது வரிசை உடைந்திருந்தது. பாதை மறந்தவை போல அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில எறும்புகள். நெல்டா விசிலடித்துக்கொண்டே வண்டியை ஓட்டினாள்.

விசில் வெள்ளிக்கிழமை மாலை நின்றது. மேப்ரி கூப்பிட்டான்.

"சோம்பேறி நண்டுக்குப் போன் பண்ணினேன், மிஸ் நெல்டா. அந்தம்மாதான் எடுத்தாங்க. எறும்பு இருக்கான்னு கேட்டேன். 'ஏராளமா இருக்கு, அடுப்புப் பக்கமே போக முடியல'ங்கறாங்க. என்னால ஆனது பார்த்துட்டேன். நாளைக்கு அக்கரைக்காரனோட கையெழுத்துப் போடறேன்."

நெல்டா உடனே கிளம்பிப் போனாள். வீடு பூட்டியிருந்தது, குடும்பம் சாப்பிடப் போயிருந்தது. ஆள் தங்கியிருக்கும் வீட்டுக்குள் அவர்கள் அனுமதியில்லாமல் நுழையக் கூடாது. சாவி கையில் இருந்தாலும் நுழையக் கூடாது. படியில் சற்று நேரம் உட்கார்ந்தாள். ஒருவேளை சுவருக்குள் வேறு கூடு இருக்குமோ? புதன்கிழமை கண்டது தன் ஆசையோ? பழைய சட்டையின் காலர் கழுத்தில் குத்துவது போலவே இருந்தது.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு அவள் வந்தபோது மேப்ரி வாசலில் கத்திக்கொண்டிருந்தான். "பத்து மணி! பத்து மணிக்கு வீடு காலியாகணும்! யார் சொன்னது பன்னிரண்டுன்னு?"

"நான்தான் சொன்னேன்," என்றாள் நெல்டா. "திட்டறதை உள்ள வந்து திட்டு."

நேராகச் சமையலறைக்குப் போனாள். டோஸ்டரை நகர்த்தினாள். மிக்சியை நகர்த்தினாள். அப்பத்துக்கு ஊற்றும் பாகு பாட்டில் ஒன்று அங்கே இருந்தது. அதைத் திறந்து வெள்ளைக் கல்லின் நடுவே ஒரு காசளவு ஊற்றினாள். எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். வெண்டல் பெட்டியைக் கீழே வைத்தார். மகள்கள் காதிலிருந்த இயர்போனைக் கழற்றினார்கள். கடல் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. பாகு மெல்லப் பரவி நின்றது. யாரும் வரவில்லை. ஒரு தூசிகூட நடக்கவில்லை.

"நேத்து ஏராளம்னாங்களே?" என்றான் மேப்ரி.

எல்லோரும் ஜீனெட்டைப் பார்த்தார்கள். அவள் கணவனைப் பார்த்தாள், நெல்டாவைப் பார்த்தாள், மேப்ரியின் சட்டைப்பையில் மடித்து வைத்திருந்த காகிதத்தைப் பார்த்தாள்.

"அந்தக் காகிதம் என்னது?"

"இவங்க வேலையை வேற ஆளுக்குக் கொடுக்கறது, மேடம்."

"ஓ." ஜீனெட்டின் முகம் சிவந்தது. "வியாழக்கிழமையே ஒண்ணும் இல்ல. ஒண்ணே ஒண்ணு இருந்தது, அதுவும் ஜன்னல் வழியாப் போயிடுச்சு. இல்லேன்னு சொன்னா வெள்ளிக்கிழமை ராத்திரி நான் சமைக்கணும். போன் வந்தப்ப இவர் பக்கத்துலதான் நின்னுட்டிருந்தார்."

வெண்டல் தலையை ஆட்டினார். "வியாழக்கிழமை நானும் டோஸ்டரை நகர்த்திப் பார்த்தேன்."

"பார்த்தீங்களா? அப்புறம் ஏன் பேசல?"

"எனக்கும் இறால் பிடிச்சிருந்தது. இருபது வருஷமாக் கார் விக்கிறேன் ஜீனெட், உன்னை மாதிரி முகம் மாறாமப் பொய் சொல்ல என்னாலகூட முடியாது. திங்கட்கிழமையே கடைக்கு வந்து உட்காரு."

மகள்கள் சிரித்தார்கள். ஜீனெட் அவர் தோளில் ஒன்று வைத்தாள். மேப்ரி மட்டும் சிரிக்கவில்லை. பாகை வெறித்துக்கொண்டு, மனசுக்குள் எதையோ கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தான். வாசலில் ஒஃபேலியா வாளியோடு வந்து நின்றாள்.

நெல்டா அப்போதுதான் அந்த அட்டைகளின் கதையைச் சொன்னாள். வைத்தது, துடைத்தது, இரண்டு பேருக்கும் ஒரே ஆள் சொன்ன இரண்டு கட்டளை. குரலை உயர்த்தவில்லை. உயர்த்த வேண்டிய இடமும் அதில் இல்லை.

"அப்ப தப்பு என் மேலயா?" என்றான் மேப்ரி.

"மூணு பேர் மேலயும். உன் பங்கு கொஞ்சம் பெரிசு. நான் வாயைத் திறந்து கேட்கல, அது என் பங்கு."

"சரி. இப்ப என்ன வேணும், மிஸ் நெல்டா?"

"சனிக்கிழமை மருந்து வெக்க மாட்டேன். ஞாயித்துக்கிழமை வருவேன், தங்கியிருக்கிறவங்க முகத்தைப் பார்த்துச் சொல்லிட்டு வெப்பேன். எல்லா வீட்லயும்."

"விருந்தாளிகிட்ட எறும்பு இருக்குன்னு வாயாலேயே சொல்றதா? முடியவே முடியாது."

"பேய் எறும்புன்னு சொல்லாதே, டெரல். நீதான் பேர் வெக்கிறதுல கெட்டிக்காரனாச்சே."

மேப்ரியின் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தான். அக்கரைக்காரன் பாலத்தைத் தாண்டிவிட்டான் போல. வெண்டல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவனைக் கடக்கும்போது, "நானா இருந்தா வண்டியை மாத்த மாட்டேன்," என்று காதோரம் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

"லேபர் டே வரைக்கும் வீடெல்லாம் உங்ககிட்டயே இருக்கட்டும்," என்றான் மேப்ரி.

"அது செப்டம்பர்லயே வந்துடும், சீசன் முடியற நாள். கிறிஸ்துமஸ் வரைக்கும்."

"நவம்பர்ல வர்ற நன்றி சொல்ற நாள் வரைக்கும். அதுக்கு மேல பேசாதீங்க, நான் கோபத்துல இருக்கேன்."

"சரி," என்றாள் நெல்டா, அவன் அடுத்த மூச்சு எடுப்பதற்குள்.

மேப்ரி போனைக் காதில் வைத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனான். "ஆமா, வந்ததுக்குக் காபி சாப்பிட்டுப் போங்க, அதுக்கு மேல இன்னிக்கு ஒண்ணும் இல்ல," என்று சொல்வது கேட்டது. கீழே வண்டி கிளம்பும் சத்தம். வண்டி ஜன்னல் வழியே ஜீனெட் கையை ஆட்டினாள்.

நெல்டாவுக்கு உட்கார வேண்டும் போல இருந்தது. ஆனால் மாடியிலிருந்து ஒரு விரிப்பின் முனை அவள் மேல் வந்து விழுந்தது.

"பிடிங்க, மிஸ் நெல்டா," என்றாள் அதற்குள் மாடியேறிவிட்டிருந்த ஒஃபேலியா. "ஆறு படுக்கை இருக்கு. நாலு மணிக்கு ஆள் வந்துடும்."