ஆல்டோ வரிசை

பிரிஜெட் முப்பத்தாறு வருடமாக சொப்ரானோ, அதாவது பெண்களின் மேல்குரல், பாடிவந்தாள். பெங்களூர் ஸ்ரீராம்புரத்து ஆலயத்தின் பாடகர் குழுவில் பதினேழு வயதில் சேர்ந்தபோது முன்வரிசையில் இடது ஓரமாக நிற்கவைத்தார்கள். கீழ்க்குரலான ஆல்டோ பாடும் பெண்களுக்கு இரண்டாம் வரிசை. கல்யாணமாகி, இரண்டு பெண்களைப் பெற்று, மூத்தவளைக் கட்டிக்கொடுத்த பிறகும் அவள் நின்றது அதே இடத்தில்தான். வார நாட்களில் அவள் நகரப் பேருந்தில் கண்டக்டர். மல்லேஸ்வரத்துக்கும் சிவாஜிநகருக்கும் நடுவே ஒரு நாளைக்கு எட்டு நடை. "முந்தே ஹோகி, முந்தே ஹோகி" என்று கூட்டத்தை முன்னால் நகர்த்தியே கரகரத்துப் போகும் தொண்டை, சனிக்கிழமை சாயங்காலம் பயிற்சிக்கு வந்து நின்றதும் எப்படியோ திறந்துகொள்ளும். அதில் அவளுக்கு உள்ளுக்குள் பெருமைதான்.

வருடாவருடம் நவம்பரில் சிவாஜிநகரிலுள்ள பெரிய ஆலயம் ஒன்றில் பாடகர் குழுக்களின் விழா நடக்கும். பெங்களூரிலிருந்து மட்டுமல்லாமல் கோலார் தங்கவயல், ஓசூர், மைசூரிலிருந்தும் குழுக்கள் வரும். குழுவுக்கு ஒரு பாட்டு. கடைசியில் எல்லாரும் சேர்ந்து ஒரு பாட்டு. அந்த விழாவுக்கான பயிற்சி தொடங்கிய இரண்டாவது வாரம், குழுவை நடத்தும் நீல், எல்லாரும் கிளம்பும்வரை கீபோர்டின் வயரைச் சுற்றிக்கொண்டே நின்றான்.

"ஆன்ட்டி, ஒரு விஷயம். தப்பா எடுத்துக்காதீங்க."

"சொல்லு நீல்."

"மூணாவது சரணத்துல மேல போற இடம் இருக்கே, அங்க உங்க குரல் கஷ்டப்படுது. ஆல்டோல நிருபமா அக்கா தனியா நிக்கிறாங்க. நீங்க அந்தப் பக்கம் வந்தீங்கன்னா நல்லா இருக்கும்."

நீலுக்கு முப்பது வயது இருக்கும். வைட்ஃபீல்டில் கம்ப்யூட்டர் வேலை. குழுவை எடுத்து இரண்டு வருடம்தான் ஆகிறது. அவன் ஞாயிறு பள்ளியில் மூக்கு ஒழுகிக்கொண்டு உட்கார்ந்திருந்தது பிரிஜெட்டுக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதை வாய்விட்டுச் சொல்லிவிடாமல் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"பாக்கலாம்பா," என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த சனிக்கிழமை டூட்டி மாற்றிக்கொண்டு வேலைக்குப் போனாள். அதற்கடுத்த சனிக்கிழமையும். வீட்டில் கணவர் ஜெயசீலன், "பிராக்டிஸ் இல்லியா?" என்று கேட்டதற்கு, "டிப்போல ஆள் இல்ல" என்றாள். டிப்போவில் ஆள் இருந்தது. வண்டியில் நிற்கும்போது யாருக்கும் தெரியாமல் அந்த மூன்றாவது சரணத்தை வாய்க்குள் பாடிப் பார்த்தாள். மெல்லப் பாடும்போது எல்லாம் சரியாகத்தான் வந்தது. வீட்டில் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுச் சத்தமாகப் பாடியபோது, மேலே போகிற இடத்தில் குரல் பிசிறியது. மறுபடி பாடினாள். மறுபடியும் பிசிறியது. அதற்கப்புறம் பாடிப் பார்க்கவில்லை.

மூன்றாம் வாரம் ஒரு வியாழக்கிழமை, மல்லேஸ்வரத்தில் நிருபமா பேருந்தில் ஏறினாள். அங்கே ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை அவளுக்கு. விழாவுக்கு ப்ளவுஸ் துணி எடுக்க சிவாஜிநகர் போகிறாள். பெண்களுக்கான இலவசச் சீட்டுக்காக ஆதாரை நீட்டினாள்.

"உன் மூஞ்சி எனக்குத் தெரியாதா? உள்ள வை," என்று சீட்டைக் கிழித்துக் கொடுத்தாள் பிரிஜெட்.

நிருபமா உட்கார இடம் தேடாமல் பக்கத்திலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அக்கா, நீங்க ஏன் வரலன்னு நான் கேக்க மாட்டேன்."

"கேக்காத."

"ஆனா என் கஷ்டத்தக் கேளுங்க. என்கூட நின்ன ஷோபா வேலை மாத்திக்கிட்டு ஓசூருக்குப் போனதுலேர்ந்து ஆல்டோல நான் ஒருத்திதான். பின்னாடி ஆம்பளைங்க, டெனர்காரங்க நாலு பேர், காதுலயே பாடறாங்க. போன வாரம் பாதிப் பாட்டு நான் டெனர் பாடியிருக்கேன். நீல் ஒண்ணும் சொல்லல, கீபோர்ட பாத்து சிரிச்சுக்கிட்டாரு."

பிரிஜெட்டுக்குச் சிரிப்பு வந்தது. அதை மறைக்க, "ஹிந்தே யாரு டிக்கெட்?" என்று பின்பக்கம் குரல் கொடுத்துவிட்டு நகர்ந்தாள். திரும்பி வந்தபோது நிருபமா கேட்டாள்: "ஆல்டோ பாட்டு போன்ல அனுப்பட்டுமா? சும்மா கேட்டுப் பாருங்க."

"அனுப்பு. கேக்கறதுக்கு என்ன?"

அன்று மத்தியானம் டிப்போ ஓய்வறையில் சாப்பாட்டுக்குப் பிறகு போனைக் காதில் வைத்துக் கேட்டாள். நிருபமா மேற்கத்திய ஸரிகமவான சோல்ஃபாவில் பாடி அனுப்பியிருந்தாள். ஸோ, ஸோ, ஸோ, லா, ஸோ. கொஞ்ச நேரம் ஃபா. மறுபடி ஸோ. பாட்டு முடிந்துவிட்டது. முப்பத்தாறு வருடமாகத் தன் பின்னால் நின்றவர்கள் இதைத்தானா பாடிக்கொண்டிருந்தார்கள் என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. வீட்டில் காய் நறுக்கியபடி அதைப் பாடியபோது ஜெயசீலன் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கினார்.

"என்ன பாட்டு இது? ஏறவும் மாட்டேங்குது, இறங்கவும் மாட்டேங்குது."

"ஆல்டோ."

"அது காருதான?"

அன்று இரவுச் சாப்பாட்டின்போது பிரிஜெட், நீல் சொன்னது முழுவதையும் அவரிடம் சொன்னாள். அவர் ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டார். "பாடணும்னு இருக்கா, இல்ல முன்னாடி நிக்கணும்னு இருக்கா?" என்றார். அவளுக்குக் கோபம் வந்தது. இரண்டும்தான் இருந்தது.

சனிக்கிழமை பயிற்சிக்குப் போய், நேராக நிருபமாவின் பக்கத்தில் நின்றாள். நீல் ஒரு கணம் பார்த்தான். பிறகு தாளத்தைத் தட்டினான்.

நினைத்த மாதிரி சுலபமாக இல்லை. சொப்ரானோக்கள் ஆரம்பித்த உடனே பிரிஜெட்டின் வாயும் அவர்கள் பின்னால் ஓடியது. ஒரு காதைக் கையால் மூடிக்கொண்டு பாடினாள். நிருபமாவின் தோளோடு தோள் ஒட்டி நின்று பாடினாள். ஞாயிறு ஆராதனையில் மட்டும் பழைய இடத்திலேயே நின்று சொப்ரானோ பாடினாள். நான்கு வாரத்தில் பாட்டு முழுவதும் பிடிபட்டது. மூன்றாவது சரணத்தில் அந்த மேலே போகிற இடம் மட்டும் பிடிபடவில்லை. அங்கே வரும்போதெல்லாம் பழைய பழக்கம் அவளை இழுத்துக்கொண்டு போய்விடும்.

விழா நாளில் சிவாஜிநகர் பேருந்து நிலையத்திலிருந்து ஆலயத்துக்குக் குழுவாக நடந்தே போனார்கள். துணிக் கடைகளுக்கு நடுவே மஞ்சள் சேலையில் ஒன்பது பெண்கள், வெள்ளைச் சட்டையில் ஏழு ஆண்கள். ஆலய வளாகத்தில் மர நிழலிலும் தாழ்வாரத்திலும் படிக்கட்டிலும் குழுக்கள் தனித்தனியாகப் பாடிப் பார்த்துக்கொண்டிருந்தன. தமிழும் கன்னடமும் மலையாளமும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்தன. ஒரு மூலையில் பெரிய பாத்திரத்தில் டீ, தட்டுகளில் மத்தூர் வடை. "வடை அப்புறம், எண்ணெய் தொண்டைல நிக்கும்," என்று நிருபமா அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

பதினொன்றாவதாக அவர்களை அழைத்தார்கள். முதல் இரண்டு சரணமும் நன்றாகப் போயின. கூரை உயரமான கட்டடம். பாடியது மேலே போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தது. அது கேட்க அவ்வளவு நன்றாக இருந்ததால் பிரிஜெட் தன்னை மறந்தாள். மூன்றாவது சரணத்தில் சொப்ரானோக்கள் மேலே போனபோது அவளும் கூடவே போனாள். உச்சியில் குரல் உடைந்தது. முன் பெஞ்சில் யாரோ நிமிர்ந்து பார்த்தார்கள். அவள் வாயை மூடிக்கொண்டாள். பக்கத்தில் நிருபமா அசையாமல் தன் ஸோவைப் பிடித்துக்கொண்டு தனியாகப் பாடிக்கொண்டிருந்தாள். இரண்டு வரி கழித்து பிரிஜெட் அந்த ஸ்வரத்தில் வந்து சேர்ந்துகொண்டாள். பாட்டு முடிந்தது. எல்லாருக்கும் தட்டியதுபோல இவர்களுக்கும் கை தட்டினார்கள்.

பிரிஜெட் பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே வந்து, குடிதண்ணீர்க் குழாயின் அருகே சிமெண்டுத் திட்டில் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. முகம் மட்டும் சூடாக இருந்தது. மற்ற குழுக்கள் பாடி முடிக்கும்வரை அங்கேயே இருந்தாள். நீல் தேடிக்கொண்டு வந்தான்.

"ஆன்ட்டி, கடைசிப் பாட்டுக்கு எல்லாரையும் கூப்பிடறாங்க."

"நீ சொன்னது சரிதான் நீல். மேல வரல."

அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். "ஞாயித்துக்கிழமைப் பாட்டுலயே கவனிச்சேன். அதச் சொல்றதுக்கு எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு ஆன்ட்டி. தினம் மெட்ரோல நின்னுக்கிட்டு எப்பிடிச் சொல்றதுன்னு பேசிப் பாப்பேன். கடைசில சொதப்பிட்டேன்."

"அவ்வளவு மோசமா ஒண்ணும் சொல்லல," என்றாள் அவள். எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு, முந்தானையில் துடைத்தபடி உள்ளே போனாள்.

கடைசிப் பாட்டுக்குக் குழு வாரியாக நிற்பதில்லை, குரல் வாரியாக நிற்க வேண்டும். எல்லா ஊர் ஆல்டோக்களையும் பீடத்துக்கு வலது பக்கம் ஒன்றாக நிறுத்தினார்கள். அறுபது பெண்கள் இருப்பார்கள். பிரிஜெட் வாழ்க்கையில் அத்தனை ஆல்டோக்களை ஒன்றாகப் பார்த்ததில்லை. பக்கத்தில் நின்ற தங்கவயல்காரி, மேபல் என்று பெயர் சொன்னவள், தன் தாளை இருவருக்கும் தெரிகிற மாதிரி பிடித்துக்கொண்டாள்.

"நீங்க ரொம்ப வருஷமா பாடறீங்களா?" என்று கேட்டாள்.

"ஆல்டோவா? அஞ்சு வாரம்."

மேபல் சிரித்தாள். "அப்ப கொஞ்சம் என் பக்கமா நில்லுங்க."

பாட்டு எழுந்தது. தமிழில் ஒரு சரணம், கன்னடத்தில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. எதிர்ப் பக்கத்திலிருந்து சொப்ரானோக்கள் மேலே போனார்கள். அவர்களைத் தொடர பிரிஜெட் வாயைத் திறக்கவேயில்லை. சுற்றிலும் அறுபது பேர் ஒரே இடத்தில் உறுதியாக நிற்கும்போது அவளும் நின்றாள். பயிற்சியில் சலிப்பூட்டிய அந்த ஸோ இப்போது காலடியில் தளம் போட்டதுபோலப் பரந்து கிடந்தது.

கடைசியில் ஆமென். ஆயிரக்கணக்கான முறை அவள் பாடிய ஆமென்தான். சொப்ரானோவுக்கு அதில் இரண்டு ஸ்வரமும் ஒன்றே. ஆ என்று பிடித்ததை மென் என்று விட்டுவிட வேண்டியதுதான். ஆனாலும் அந்த இடத்தில் ஏதோ ஒன்று கீழே வந்து அமர்கிற மாதிரி இருக்கும். அது கட்டடத்தின் வேலை, இல்லை ஆர்கனின் வேலை என்று நினைத்திருந்தாள். இப்போது லாவிலிருந்து ஸோவுக்கு அறுபது பேரோடு அவளும் இறங்கினாள். அமர்ந்தது இதுதான். ஒவ்வொரு ஞாயிறும் அவள் முதுகுக்குப் பின்னால் யாரோ இதைச் செய்துகொண்டிருந்திருக்கிறார்கள்.

பாட்டு நின்றதும் தாள்கள் சலசலத்தன. மேபல் அவள் கையைத் தட்டி, "அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றுவிட்டு, தங்கவயல் பேருந்தைப் பிடிக்க ஓடினாள்.

திரும்பும்போது பேருந்தில் உட்கார இடமில்லை. பிரிஜெட்டும் நிருபமாவும் கையில் பொட்டலமாக வடையை வைத்துக்கொண்டு நின்றார்கள். பிரிஜெட் கேட்டாள்: "ஆமென்ல நாம கீழ எறங்கறோம்னு நீ சொல்லவே இல்லியே?"

"நீங்க கேக்கவே இல்லியே அக்கா," என்று சொல்லிவிட்டு நிருபமா பொட்டலத்தைப் பிரித்தாள்.

கிறிஸ்துமஸ் ஆராதனையில் ஜெயசீலன் வழக்கம்போல முன்வரிசையின் இடது ஓரத்தைப் பார்த்தார். அங்கே வேறொரு பெண் நின்றாள். தேடிப் பார்த்தபோது, பிரிஜெட் இரண்டாம் வரிசையில் நிருபமாவை ஒட்டி நின்று, காதை மூடாமல் பாடிக்கொண்டிருந்தாள்.